மகளாக அழைத்தார்கள், பணியாளாக எழுதினார்கள்

அமெரிக்காவின் யூட்டா மாநிலத்தில் ஜூலை 24 அரசு விடுமுறை நாள். 1847-ல் அன்றுதான் மார்மன் சமயத்தவரின் தலைவர் பிரிகம் யங் சால்ட் லேக் பள்ளத்தாக்கை வந்தடைந்தார். ஊர்வலமும் வாணவேடிக்கையுமாகக் கொண்டாடப்படும் அந்த நாளின் நாயகர்கள், மாட்டு வண்டிகளில் மலை கடந்து வந்த மார்மன் குடியேறிகள். அவர்களைப் பற்றிய சித்திரம் ஊருக்கே மனப்பாடம்: கித்தான் கூரை போட்ட வண்டி, தாடி வைத்த தந்தை, பக்கத்தில் தாய், உள்ளே பிள்ளைகள். எல்லோரும் வெள்ளையர்கள். அதே ஆண்டு செப்டம்பரில் கணவரோடும் இரண்டு மகன்களோடும் அந்தப் பள்ளத்தாக்கில் வந்து இறங்கிய ஜேன் மேனிங் ஜேம்ஸ் என்ற கறுப்பினப் பெண் அந்தச் சித்திரத்தில் வெகுகாலம் இல்லை.

ஜேன், கனெக்டிகட் மாநிலத்தின் வில்ட்டன் ஊரில் 1820-களின் தொடக்கத்தில் பிறந்ததாகக் கருதப்படுகிறது. அடிமையாக அல்ல, சுதந்திரக் குடும்பத்தில் பிறந்தவர். என்றாலும் வறுமை விடவில்லை. சிறு வயதிலேயே ஒரு வெள்ளையர் வீட்டில் வேலைக்கு விடப்பட்டார். திருமணத்துக்கு முன்பே சில்வெஸ்டர் என்ற மகன் பிறந்தான். அவனுடைய தந்தை யார் என்பதைப் பிற்காலத்தில் சொல்லி எழுதவைத்த வாழ்க்கைக் குறிப்பில்கூட அவர் வெளியிடவில்லை.

1840-களின் தொடக்கத்தில் மார்மன் போதகர் ஒருவரின் பேச்சைக் கேட்டு ஞானஸ்நானம் பெற்றார். தாய், உடன்பிறந்தவர்கள் என்று குடும்பத்தில் பலரும் அவரைத் தொடர்ந்தார்கள். 1843-ல், மார்மன்களின் தலைநகராக அப்போது விளங்கிய இல்லினாய் மாநிலத்து நாவூவுக்கு எல்லோருமாகக் கிளம்பினார்கள். பஃபலோ வரைக்கும் சக விசுவாசிகளான வெள்ளையர்களோடு படகுப் பயணம். அதற்கு மேல் கறுப்பினத்தவரை ஏற்ற மறுத்துவிட்டார்கள். வெள்ளையர்கள் படகில் போக, மேனிங் குடும்பம் நடக்கத் தொடங்கியது. ஏறத்தாழ 1,300 கிலோமீட்டர்.

செருப்புகள் தேய்ந்து கிழிந்தன. பாதங்கள் வெடித்து, நடந்த தடமெல்லாம் ரத்தம். வழியோரம் நின்று ஜெபித்தோம், கால்கள் ஆறின என்கிறார் ஜேன். பாலம் இல்லாத ஆற்றைக் கழுத்தளவு தண்ணீரில் இறங்கிக் கடந்தார்கள். உறைபனியில் திறந்தவெளியில் படுத்தார்கள். பியோரியாவில் அதிகாரிகள் மறித்து, அடிமைகள் அல்ல என்பதற்குப் பத்திரம் எங்கே, இல்லையென்றால் சிறை என்று மிரட்டினார்கள். அடிமையாகவே இருந்திராதவரிடம் விடுதலைப் பத்திரம் எப்படி இருக்கும்?

நாவூவில் மார்மன் சமயத்தின் நிறுவனர் ஜோசப் ஸ்மித் அவர்களைத் தன் வீட்டுக் கூடத்தில் உட்காரவைத்து, பயணக் கதை முழுவதையும் ஜேனின் வாயால் சொல்லக் கேட்டார். சில நாட்களில் மற்றவர்களுக்கு வேறு இடங்களில் வழி பிறந்தது. ஜேன் மட்டும் போக்கிடம் இல்லாமல் அழுதுகொண்டிருந்தார். உனக்கு இங்கேயே வீடு இருக்கிறது என்று ஸ்மித் அவரைத் தங்கவைத்துக்கொண்டார். துவைப்பதும் இஸ்திரி போடுவதும் சமைப்பதுமாக ஜேனின் நாட்கள் நகர்ந்தன.

அந்த வீட்டில்தான் ஸ்மித்தின் மனைவி எம்மா ஒருநாள் அவரிடம் கேட்டார்: எங்கள் பிள்ளையாகத் தத்தெடுத்துக்கொள்ளட்டுமா? ஜேனுக்கு விளங்கவில்லை. எம்மா இரண்டு வாரம் அவகாசம் கொடுத்து மறுபடியும் கேட்டார். வேண்டாம் அம்மா என்று சொல்லிவிட்டார் ஜேன். அந்த ஒரு பதில் கடைசிவரை அவரைத் துரத்தியது.

இந்தக் கேள்விக்குப் பின்னால் மார்மன் சமயத்தின் அடிப்படை நம்பிக்கை ஒன்று இருக்கிறது. கணவன் மனைவி உறவும் பெற்றோர் பிள்ளை உறவும் சாவோடு முடிவதில்லை. கோயிலுக்குள் உரிய சடங்கு செய்து ‘முத்திரையிட்டால்’ மறுவுலகிலும் குடும்பம் குடும்பமாகவே இருக்கும். ரத்த உறவு இல்லாதவர்களையும் அப்படி ஒரு குடும்பத்தில் சேர்க்கலாம். ஆகவே எம்மா கேட்டது சோறு போடுவதைப் பற்றி அல்ல. முடிவே இல்லாத காலத்துக்கும் எங்கள் மகளாக இருப்பாயா என்பதுதான் கேள்வி.

1844 ஜூனில் கார்த்தேஜ் சிறையில் ஸ்மித்தை ஒரு கும்பல் சுட்டுக் கொன்றது. ஜேன் பிரிகம் யங் வீட்டில் வேலைக்குச் சேர்ந்தார். நியூஜெர்சியிலிருந்து வந்த ஐசக் ஜேம்ஸ் என்ற சுதந்திரக் கறுப்பரை மணந்தார். 1846-ல் மார்மன்கள் நாவூவை விட்டு வெளியேறியபோது இவர்களும் கிளம்பினார்கள். வழியில், அயோவாவில், மகன் சைலஸ் பிறந்தான். ரத்தம் சிந்தி உடன் நடந்து வந்த தாயும் சகோதரர்களும் இம்முறை மேற்கே வரவில்லை. பிறந்த வீட்டாரில் ஜேன் ஒருவர்தான் போனார்.

பள்ளத்தாக்கின் முதல் ஆண்டுகள் கொடியவை. 1848-ல் பயிரை வெட்டுக்கிளி போன்ற பூச்சிக் கூட்டம் தின்று தீர்த்தது. குளிரும் பசியும்கூடப் பொறுக்கலாம், பிள்ளைகள் ரொட்டி கேட்டு அழ, கொடுக்க ஒன்றுமில்லாமல் நின்றதுதான் பெரிய வேதனை என்று ஜேன் நினைவுகூர்கிறார். 1849 ஏப்ரலில் எலைசா பார்ட்ரிஜ் லைமன் என்ற வெள்ளையினப் பெண்ணின் கணவர் சமயப் பணியாகக் கலிபோர்னியாவுக்குக் கிளம்பினார். வீட்டில் மாவு இல்லை. ஜேன் இரண்டு பவுண்டு மாவு கொடுத்தார், அது அவரிடம் இருந்ததில் ஏறக்குறைய பாதி என்று எலைசா நாட்குறிப்பில் எழுதிவைத்தார். ஒரு கிலோவுக்கும் குறைவான மாவு. அந்த ஒரு வரி எழுதப்படாமல் போயிருந்தால் இந்த ஈகை வெளியே தெரிந்திருக்காது. தன்னைப் பற்றிச் சொல்லி எழுதவைத்தபோது ஜேன் இதைக் குறிப்பிடவே இல்லை.

மெல்ல நிலம், காளைகள், கொஞ்சம் ஆடுகள் என்று குடும்பம் தலைநிமிர்ந்தது. அதே காலத்தில் கதவுகளும் மூடின. 1852-ல் யூட்டா சட்டசபை அடிமை முறைக்குச் சட்ட வடிவம் தந்தது. கறுப்பின ஆண்கள் குருத்துவம் பெற முடியாது என்று பிரிகம் யங் வெளிப்படையாக அறிவித்தார். கறுப்பினத்தவர் கோயிலின் உயர் சடங்குகளைப் பெறவும் தடை விழுந்தது. ஸ்மித் உயிரோடு இருந்த காலத்தில் எலைஜா ஏபல் என்ற கறுப்பர் குருவாகவே நியமிக்கப்பட்டிருந்தார். ஆகவே இது தொடக்கத்திலிருந்தே இருந்த விதி அல்ல, பின்னால் நுழைக்கப்பட்ட அநீதி.

திருமணமும் நிலைக்கவில்லை. 1870-ஐ ஒட்டி ஐசக் பிரிந்து போனார். இருபது ஆண்டு கழித்துத் திரும்பி வந்தவரை ஜேன் ஏற்றுக்கொண்டார். அடுத்த ஆண்டு அவர் இறந்தபோது இறுதிச் சடங்கு ஜேனின் வீட்டில்தான் நடந்தது. பெற்ற எட்டுப் பிள்ளைகளில் ஆறு பேரைத் தன் கண் முன்னே பறிகொடுத்தார்.

பிள்ளைகள் போகப் போக, மறுவுலகிலாவது குடும்பம் வேண்டும் என்ற தவிப்பு பெருகியது. 1884 டிசம்பரில் மார்மன் சபைத் தலைவர் ஜான் டெய்லருக்குக் கடிதம் எழுதவைத்தார். ஆபிரகாமின் வழியாக உலகின் எல்லா இனங்களுக்கும் ஆசி என்று கடவுள் வாக்குக் கொடுத்தாரே, எனக்கு மட்டும் இல்லையா என்பது அதன் சாரம். எம்மா மகளாக அழைத்ததையும் சுட்டிக்காட்டினார். மறுப்பு. இறந்த உறவினருக்காக ஞானஸ்நானம் பெற மட்டும் பின்னர் அனுமதி கிடைத்தது. மீண்டும் கேட்டார், தலைவர்கள் மாற மாறக் கேட்டுக்கொண்டே இருந்தார். தனக்கான உயர் சடங்குகளைப் பெற முடியாத கோயில்களின் கட்டட நிதிக்கும் தன் வருமானத்திலிருந்து கொடுத்தார்.

1894 மே மாதம் சபை ஒரு வழி கண்டுபிடித்தது. அதை நினைத்தால் இன்றும் கோபம் வருகிறது. ஜேனை ஜோசப் ஸ்மித்தின் குடும்பத்தோடு இணைக்கும் சடங்கு சால்ட் லேக் கோயிலில் நடந்தது, ஆனால் மகளாக அல்ல: என்றென்றைக்கும் பணியாளாக. அந்தச் சடங்குக்குக்கூட அவரை உள்ளே விடவில்லை. அவருக்குப் பதிலாக ஜைனா யங் என்ற வெள்ளையினப் பெண் நின்றார். ஸ்மித்துக்குப் பதிலாக அவருடைய அண்ணன் மகன் ஜோசப் எஃப். ஸ்மித் நின்றார். ஜேன் இதில் அடங்கவில்லை. தனக்குத் திருப்தி இல்லை என்று மறுபடியும் விண்ணப்பித்ததைத் தலைவர்களின் கூட்டக் குறிப்புகளே பதிவு செய்திருக்கின்றன.

இத்தனைக்கும் ஊர் அவரை மதிக்காமல் இல்லை. ஜேன் அத்தை என்றுதான் அழைத்தது. பெரிய வழிபாட்டு மண்டபத்தில் முன்பகுதியில் அவருக்கும் பிற்காலத்தில் வந்து சேர்ந்த சகோதரர் ஐசக் மேனிங்குக்கும் இடம் ஒதுக்கியிருந்தார்கள். 1908 ஏப்ரலில் அவர் மறைந்தபோது இறுதிச் சடங்கில் பேசியவர்களில் ஒருவர் அதே ஜோசப் எஃப். ஸ்மித், அப்போது சபைத் தலைவர். தடை நீங்க 1978 ஜூன் வரை ஆனது. அடுத்த ஆண்டு ஜேனின் பெயரில் வேறொருவர் நின்று, அவர் கேட்ட சடங்கைச் செய்தார்கள்.

கடைசிக் காலத்தில், கண்பார்வை மங்கிய நிலையில், எலிசபெத் ரவுண்டி என்ற தோழியிடம் சொல்லி எழுதவைத்ததுதான் அவருடைய வாழ்க்கைக் குறிப்பு. இறுதிச் சடங்கில் வாசிக்கப்படுவதற்கென்றே தயாரானது. தசமபாகமும் காணிக்கையும் சபைக்குக் கொடுக்கிறேன், சீக்கிரம் படுத்துச் சீக்கிரம் எழுகிறேன், விசுவாசம் முன்பைவிடப் பலமாக இருக்கிறது என்று அமைதியாகப் போகிறது அது. எம்மாவின் அழைப்பை மறுத்தது அன்று விளங்காததால்தான் என்றும் சொல்கிறது. கோயில் மறுக்கப்பட்டது பற்றி ஒரு முறையீடும் இல்லை. மனநிறைவோடு வாழ்ந்த விசுவாசி என்று இதை மட்டும் படித்துவிட்டு அவரைப் புகழ்கிறவர்கள் உண்டு. சபைத் தலைவர்களுக்கு அவர் எழுதவைத்த கடிதங்களையும் பக்கத்தில் வைத்துப் படிக்க வேண்டும். குறை எல்லாம் அவற்றில் இருக்கிறது, யாருக்குச் சொல்ல வேண்டுமோ அவர்கள் பெயருக்கே எழுதப்பட்டு.