டபுள்ஸ் போனால் பதக்கம்!

சைக்கிளில் டபுள்ஸ் போனால் அந்தக் காலத்தில் போலீஸ் பிடிக்கும். காற்றைப் பிடுங்கி விடுவார்கள். அபராதம் கட்ட வேண்டும். சேலம் கடைவீதியில் அப்படி மாட்டிக்கொண்டு முழித்தவர்கள் இன்றைக்குத் தாத்தாக்கள்.

அயர்லாந்து நாட்டிலோ ஒரு பெண் போலீஸ் டபுள்ஸ் போயே தங்கப் பதக்கம் வாங்கிவிட்டார்!

பெயர் ஈவ் மெக்கிரிஸ்டல். இரண்டு பிள்ளைகளுக்குத் தாய். பின் சீட்டில் உட்கார்ந்து மிதித்தவர் கேட்டி ஜார்ஜ் டன்லெவி. பார்வைக் குறைபாடு உள்ளவர். மாற்றுத் திறனாளிகளுக்கான பாராலிம்பிக் போட்டியில், 2016-ல் ரியோவில் இந்த ஜோடிக்கு 1 தங்கம், 1 வெள்ளி. 2021-ல் டோக்கியோவில் 2 தங்கம், 1 வெள்ளி.

முன் சீட்டுக்காரர்

இந்த சைக்கிளுக்கு டாண்டம் என்று பெயர். இரண்டு சீட்டு, இரண்டு ஜோடி பெடல். இரண்டையும் செயின் இணைக்கிறது. ஒருத்தர் காலை நிறுத்தினால் மற்றவர் காலும் நின்றுவிடும். ஹேண்டில்பார் திருப்புவது, பிரேக், கியர் எல்லாம் முன்னால் இருப்பவர் கையில். அவரை பைலட் என்கிறார்கள்.

பைலட் வாயை மூடிக்கொண்டு ஓட்ட முடியாது. வளைவு வருது, மேடு வருது, கியர் மாத்தப் போறேன் என்று முன்கூட்டியே சொல்ல வேண்டும். சொல்லாமல் திருப்பினால் இரண்டு பேரும் தரையில்தான். நாமக்கல்காரர்களுக்கு இது புரியும். கிளீனர் "ரைட்... ரைட்... ஹோல்டான்" என்று கொடுக்கிற குரலை நம்பித்தானே டிரைவர் லாரியைப் பின்னால் எடுக்கிறார்?

யாரோ புண்ணியம் தேடி முன்னால் உட்காருகிறார் என்று நினைத்தால் தப்பு. பைலட்டும் அசல் பந்தய வீரர்தான். பிரிட்டனின் கிரெய்க் மெக்லீன் 2000 சிட்னி ஒலிம்பிக்கில் வெள்ளி வாங்கியவர். அப்புறம் 2012 லண்டன் பாராலிம்பிக்கில் பார்வைக் குறைபாடுள்ள ஆன்டனி கேப்பஸுக்கு பைலட்டாக ஏறித் தங்கம் அடித்தார். பதக்கம் இரண்டு பேர் கழுத்திலும் விழும். ஆனால் முன் சீட்டு யாருக்கும் சாசுவதம் இல்லை. 2024 பாரிஸில் டன்லெவி மைதானப் பந்தயத்தில் மெக்கிரிஸ்டலோடு வெள்ளி வாங்கினார். ரோட்டுப் பந்தயங்களில் முன்னால் இருந்தவர் லிண்டா கெல்லி. அதில் 1 தங்கம், 1 வெள்ளி.

நம்ம ஊர் கதை

பாராலிம்பிக் சைக்கிள் பந்தயத்துக்கு இந்தியர்கள் முதன்முதலில் போனதே 2024-ல்தான். அர்ஷத் ஷேக், ஜோதி கடேரியா என்று இரண்டு பேர். இருவரும் தனியாக மிதித்தவர்கள். டாண்டம் ஜோடி ஒன்றுகூட இல்லை. ஆள் இல்லாமலா? அதே பாரிஸில் சிம்ரன் சர்மா 200 மீட்டர் ஓட்டத்தில் வெண்கலம் வாங்கினார். கூடவே வழிகாட்டியாக ஓடியவர் அபய் சிங். ஓட்டத்துக்குக் கிடைக்கிற துணை சைக்கிளுக்குக் கிடைக்காதா?

சேலம் மாவட்டம் பெரியவடகம்பட்டி மாரியப்பன் உயரம் தாண்டுதலில் 2016-ல் தங்கம், 2021-ல் வெள்ளி, 2024-ல் வெண்கலம் கொண்டுவந்தார். அவருக்கு மாலை போட்ட கூட்டத்தில் எத்தனை பேர் பார்வை இல்லாத பிள்ளைகளை நினைத்திருப்பார்கள்? பிளஸ்-1 மாணவர்களுக்கு அரசு இலவச சைக்கிள் தருகிறது. அந்தப் பிள்ளை அதைத் தனியாக ஓட்ட முடியுமா? கேரியரில் உட்கார்ந்து போகலாம், அவ்வளவுதான். காலில் பலம் இருந்தும் மிதிக்கிற சுகம் கிடையாது.

சேலம் காந்தி ஸ்டேடியத்தில் இரண்டு டாண்டம் சைக்கிள் வாங்கிப் போட வேண்டும். பந்தய சைக்கிள் விலை கையைக் கடிக்கும் என்றால், பழக்கத்துக்கு நாமக்கல்லிலேயே செய்து பார்க்கலாம். லாரிக்கே பாடி கட்டுகிற பட்டறைக்காரர்களுக்கு இரண்டு சைக்கிளை ஒன்றாக ஒட்டவைக்கத் தெரியாதா? மல்லூர், ஆண்டகளூர் கேட் வழியாகப் போகிற பைபாஸில் மட்டும் வேண்டாம். லாரிக்காரன் விடமாட்டான். உள்ரோடுகள் போதும்.

முன் சீட்டுக்கு? காலேஜ் பந்தயத்தோடு சைக்கிளை மூலையில் சாத்திய பையன்கள் இரண்டு மாவட்டத்திலும் இருக்கிறார்கள். அயர்லாந்து போலீஸ் மாதிரி நம்ம போலீசிலும் இளவட்ட ஏட்டுகள் முன்வரலாம். ஞாயிற்றுக்கிழமை காலையில் ஆரம்பிக்கட்டும். டபுள்ஸ் கேஸ் எழுத யாரும் வரமாட்டார்கள்.