போத்தலில் எழுதியிருக்கும் ஊர்



வில் நகரத்திலும் சுற்றுவட்டாரத்திலும் எம்மவரில் பலருக்கு முதல் வேலைத்தலம் உணவகத்தின் சமையலறைதான். கோப்பை கழுவத் தொடங்கி, மரக்கறி வெட்டி, சமையற்காரராக உயர்ந்தவர்களும் இருக்கிறார்கள். ஆனால் சமையலறைக் கதவைத் தாண்டி விருந்தினரின் மேசைக்குப் பரிமாறப் போனவர்கள் குறைவு. அதற்கு மொழி ஒரு காரணம். மற்றக் காரணம் வைன்.

குடிக்கச் சொல்லி இதை எழுதவில்லை. புடைவைக் கடையில் நிற்பவர் எல்லாச் சேலையையும் உடுத்துப் பார்ப்பதில்லை. ஆனாலும் எது காஞ்சிபுரம், எது பனாரஸ் என்று சொல்லத் தெரியாவிட்டால் அந்தக் கடையில் நிற்க முடியாது.

நான் பட்டுத் தெளிந்த கதை ஒன்று. ஒரு சனிக்கிழமை இரவு முதலாளி என்னை நிலவறைக்கு அனுப்பி, 'புர்குண்டர்' ஒரு போத்தல் எடுத்துவரச் சொன்னார். நான் 'பிளவ்புர்குண்டர்' என்று எழுதியிருந்ததைக் கொண்டு வந்தேன். அவசரத்தில் அவரும் பாராமல் திறந்துவிட்டார். விருந்தினர் போத்தலைத் திருப்பிப் பார்த்துவிட்டு, "நான் கேட்டது இதுவல்ல" என்றார். அன்று எனக்குக் கிடைத்த ஏச்சை எழுத இந்தப் பக்கம் போதாது. நான் கொண்டு வந்தது கிறவ்புண்டன் மாநிலத்து மையன்பெல்ட் ஊர் வைன். அவர் கேட்டது பிரான்சின் வைன். இரண்டிலும் முந்திரிகை இனம் ஒன்றுதான். ஊர் வேறு, விலையும் வேறு.

பிரெஞ்சு வைன் போத்தல்களில் பெரும்பாலும் முந்திரிகையின் பெயர் முன்னுக்கு நிற்பதில்லை. ஊரின் பெயர்தான் நிற்கும். இது எங்களுக்குப் புதிதல்ல. பருத்தித்துறை வடை என்கிறோம், மட்டக்களப்புத் தயிர் என்கிறோம். ஊரின் பெயரைச் சொன்னாலே சுவை நினைவுக்கு வந்துவிடுகிறது. பிரெஞ்சுக்காரர் அதையே சட்டமாக்கி வைத்திருக்கிறார்கள்.

இரண்டு ஊர்களை முதலில் மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

ஒன்று போர்தோ. பிரான்சின் தென்மேற்கில், அத்திலாந்திக் கடலுக்குக் கிட்ட, கரோன் ஆற்றங்கரையில் உள்ள துறைமுக நகரம். இங்கே பல இன முந்திரிகைகளைக் கலந்து வைன் செய்வார்கள். கூழாங்கல் நிலமான மெடோக் பக்கத்தில் கபர்னே சோவிஞோன் மேலோங்கும். ஆற்றுக்கு அப்பால் சென் எமிலியோன் பக்கத்தில் மெர்லோ மேலோங்கும். நிறம் கடுமை, இளமையில் துவர்ப்பு அதிகம். நல்லவற்றைப் பல வருடங்கள் வைத்திருந்து குடிப்பார்கள். தோட்டங்கள் பெரியவை. அவற்றை 'சத்தோ', அதாவது மாளிகை, என்பார்கள். 1855ஆம் ஆண்டு பாரிஸ் கண்காட்சிக்காக மெடோக் தோட்டங்களை ஐந்து தரமாகப் பிரித்தார்கள். அந்தப் பட்டியல் இன்றும் பெரிய மாற்றமின்றி நிற்கிறது.

மற்றது பூர்கோன். டொச்சில் புர்குண்ட். பிரான்சின் கிழக்கே, எங்கள் சுவிசுக்குக் கிட்டவே இருக்கிறது. இங்கே கலப்பு அரிது. சிவப்பென்றால் பினோ நுவார், வெள்ளையென்றால் சார்டொனே. நிறம் மென்மை, வாசனைதான் பெருமை. துறவிகள் பல நூறு வருடங்களாகத் துண்டு துண்டாகப் பார்த்து வளர்த்த நிலம் இது. பிரெஞ்சுப் புரட்சியில் மடங்களின் காணிகள் பறிக்கப்பட்டு விற்கப்பட்டன. பிறகு பிள்ளைகளுக்குச் சம பங்கு என்ற சட்டத்தால் அவை மேலும் துண்டாகின. குளோ டி வூஜோ என்ற சுமார் 50 ஹெக்டேயர் தோட்டத்துக்கு இன்று ஏறக்குறைய 80 சொந்தக்காரர்கள். தகப்பனின் காணியைப் பங்கு பிரித்து வேலி அடைத்த யாழ்ப்பாணத்தவருக்கு இதை விளக்கத் தேவையில்லை. அதனால்தான் பூர்கோனில் ஊரின் பெயரோடு செய்தவரின் பெயரையும் பார்க்க வேண்டும்.

போத்தலின் தோளும் உதவும். போர்தோ போத்தலுக்குத் தோள் நிமிர்ந்திருக்கும். பூர்கோன் போத்தலுக்குத் தோள் சரிந்திருக்கும். பாசலுக்கு அப்பால் உள்ள அல்சாஸ் பகுதியின் போத்தல் ஒல்லியாக உயர்ந்திருக்கும். அங்கே ரீஸ்லிங் போன்ற முந்திரிகைப் பெயரையே எழுதுவது வழக்கம். ஆனால் தோளை மட்டும் நம்பினால் என்னைப் போல ஏமாறுவீர்கள். மையன்பெல்ட் போத்தலுக்கும் சரிந்த தோள்தான்!

ஊர்ப் பெயர் எவ்வளவு பெறுமதியானது என்பதற்கு சுவிசிலேயே ஒரு கதை உண்டு. வோ மாநிலத்தில் சம்பாஞ் என்று ஒரு சிறு கிராமம் இருக்கிறது. அங்கேயும் வைன் செய்கிறார்கள். ஆனால் சுவிசும் ஐரோப்பிய ஒன்றியமும் 1999இல் செய்த ஒப்பந்தத்தின்படி, 2004 முதல் அந்த ஊரவர் தங்கள் ஊர்ப் பெயரையே வைன் போத்தலில் போட முடியாமற் போயிற்று. பிரான்சின் சம்பாஞ் பகுதியில், போத்தலுக்குள்ளேயே இரண்டாம் முறை நொதிக்க வைத்துச் செய்யும் நுரை வைனுக்கே அந்தப் பெயர் என்று முடிவாயிற்று. சொந்த ஊரின் பெயரைச் சொல்ல முடியாத வருத்தம் எங்களுக்கும் விளங்கும்.

பெயர் இடம் பெயராது. கொடி இடம் பெயரும். மையன்பெல்டில் வளர்வது பூர்கோனின் கொடி. திச்சினோவில் வளரும் மெர்லோ போர்தோவின் கொடி. 1860களில் பிரான்சின் வேர்களை ஒரு பூச்சி அரித்தபோது, அமெரிக்கக் கொடியின் வேரில் ஒட்டுக் கட்டித்தான் ஐரோப்பிய முந்திரிகையைக் காப்பாற்றினார்கள். மையன்பெல்ட் வைன் பூர்கோன் போல இல்லையென்று அங்கே யாரும் வெட்கப்படுவதில்லை. அந்த மலைச்சரிவும், 'பேன்' என்னும் வெப்பக் காற்றும் கொடுத்த சுவை அது என்று தலை நிமிர்ந்து விற்கிறார்கள்.

உணவகத்தில் வேலை செய்பவர்களே, அடுத்த முறை வெறும் போத்தலை எறியும்முன் அதில் உள்ள ஊரை வாசியுங்கள். நாளுக்கு ஒன்று கொப்பியில் எழுதினாலும் ஒரு மாதத்தில் முப்பது ஊர் தெரிந்துவிடும். பரிமாறும் இடத்தில் நிற்பவர்கள் ஒன்றை மறக்க வேண்டாம்: சுவிஸ் சட்டப்படி 16 வயது நிரம்பாதவருக்கு வைன் கொடுக்கக் கூடாது.