வயிற்றுக்கும் ஒரு நியமம்



மூன்று ஆண்டுகளுக்கு முன்பு வைகுண்ட ஏகாதசியை ஒட்டி என் தமையனார் திருவரங்கத்தில் உள்ள எங்கள் இல்லத்திற்கு வந்திருந்தார். அப்போது அவருக்கு வயது 74. பரமபத வாசல் சேவைக்காக முன்னிரவிலிருந்தே வரிசையில் நின்றோம். உபவாசம் என்பதால் அவர் உணவு கொள்ளவில்லை. தண்ணீரையும் தொடவில்லை. "வரிசையை விட்டு எங்கே போய் ஒதுங்குவது? அதனால் குடிக்காமல் இருப்பதே நல்லது" என்றார். பெருமாளைக் கண்குளிரச் சேவித்துத் திரும்பினோம். மறுநாள் துவாதசிப் பாரணை முடிந்த சிறிது நேரத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டு படுத்துவிட்டார்.

"மூன்று நாட்களாகவே அவர் சரியாக வெளிக்குப் போகவில்லை" என்று அண்ணியார் தயங்கித் தயங்கிச் சொன்னார். ஓமம் போட்டுக் கொதிக்கவைத்த நீரைக் கொடுத்தோம். பெருங்காயம் கரைத்த மோரும் கொடுத்தோம். வலி அடங்கவில்லை. "விளக்கெண்ணெய் கொடுத்தால் எல்லாம் சரியாகிவிடும்" என்று சொன்னவன் நான்தான். சிறுவயதில் பள்ளி விடுமுறை வந்தால் அம்மா எங்களை வரிசையாக உட்காரவைத்து விளக்கெண்ணெய் புகட்டுவதும், பிறகு மிளகு ரசம் சாதம் மட்டும் போடுவதும் வழக்கம். அந்த நினைவில் சொல்லிவிட்டேன்.

கொடுத்த பிறகு வலி இரண்டு மடங்காயிற்று. நள்ளிரவில் பச்சையாக வாந்தி எடுத்தார். வயிறு உப்பிக் கல்போல் ஆகிவிட்டது. வாயுவும் பிரியவில்லை. விடியும் முன்னே மருத்துவமனைக்குக் கொண்டு சென்றோம். பரிசோதித்த அறுவை மருத்துவர், தொடை இடுக்கில் குடலிறக்கம் ஏற்பட்டு, இறங்கிய குடல் சிக்கி இறுகிவிட்டது என்றார். இரண்டு ஆண்டுகளாகவே அங்கே ஒரு வீக்கம் இருந்ததாம். வெட்கத்தினால் அண்ணியாரிடம்கூடத் தமையனார் சொல்லவில்லை.

"விளக்கெண்ணெய் கொடுத்தது யார், ஐயா? அடைபட்ட குடலை அது மேலும் முறுக்கும். இன்னும் சில மணி நேரம் தாமதித்திருந்தால் குடல் அழுகியிருக்கும்" என்றார் மருத்துவர். நான் தலைகுனிந்து நின்றேன். அன்று காலையே அறுவை சிகிச்சை நடந்தது. அரங்கன் அருளாலும் மருத்துவரின் கைத்திறத்தாலும் தமையனார் பிழைத்தெழுந்தார். இதை எழுதலாமா என்று அவரிடம் கேட்டேன். "தாராளமாக எழுது. வெட்கப்பட்டுக்கொண்டு இன்னொருவர் என்னைப்போல் படுக்கக் கூடாது" என்றார். அவர் அனுமதியோடுதான் இந்த வாரம் இதனை எழுதுகிறேன்.

எது மலச்சிக்கல்?

தினமும் காலையில் வயிறு கழிந்தே ஆகவேண்டும் என்று நம்மில் பலர் எண்ணுகிறோம். ஒரு நாள் தவறினாலும் மனம் கலங்கி மாத்திரையைத் தேடுகிறோம். அது அவசியமில்லை. நாளைக்கு 3 முறை முதல் வாரத்திற்கு 3 முறை வரை போவது இயல்பே என்பது மருத்துவர்களின் கணக்கு. அதற்கும் குறைந்தாலோ, மலம் கெட்டியாகி முக்கிக் கழிக்க வேண்டியிருந்தாலோ, முழுதும் கழியாத உணர்வு இருந்தாலோதான் மலச்சிக்கல்.

முதுமையில் இது மிகுவதற்குக் காரணங்கள் உண்டு. தாக உணர்வு குறைகிறது. பல் இல்லாமையால் காய்கறிகளை ஒதுக்கிவிடுகிறோம். நடமாட்டம் குறைகிறது. இரும்புச்சத்து மாத்திரை, கால்சியம் மாத்திரை, சில வலி நிவாரணிகள், இரத்த அழுத்தத்திற்கான சில மாத்திரைகள் ஆகியவையும் மலத்தைக் கட்டும். அதற்காக அவற்றை நாமாக நிறுத்திவிடக் கூடாது. மருந்துச் சீட்டை மருத்துவரிடம் காட்டிக் கேட்பதே முறை. தைராய்டு குறைபாடும் நீரிழிவும்கூட மலச்சிக்கலுக்குக் காரணமாகலாம்.

நீரும் நாரும்

நாளைக்கு 6 முதல் 8 டம்ளர் நீர் அருந்துவது நல்லது. இதயக் கோளாறோ சிறுநீரகக் கோளாறோ உள்ளவர்கள் மட்டும் மருத்துவர் குறித்த அளவைக் கடக்கக் கூடாது. ஒதுங்க இடம் கிடைக்காதே என்று அஞ்சிப் பயணத்திலும் தரிசன வரிசையிலும் நீரை அறவே விலக்கும் வழக்கத்தை நாம் கைவிட வேண்டும். சிறிது சிறிதாகவேனும் பருகுங்கள்.

நார்ச்சத்து நாளொன்றுக்குக் குறைந்தது 25 கிராம் வேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் பரிந்துரை. கீரை, வாழைத்தண்டு, வாழைப்பூ, அவரை, முழுப்பயறு, கேழ்வரகு, கொய்யா, பப்பாளி ஆகியவற்றை மாற்றி மாற்றிச் சேர்த்துக்கொண்டால் போதும். பல் இல்லாதவர்கள் குழைய வேகவைத்து உண்ணலாம். இரவில் ஊறவைத்த உலர்ந்த திராட்சையைக் காலையில் நீரோடு உண்பது மிக எளிய வழி. நார்ச்சத்தை ஒரேயடியாகக் கூட்டினால் வயிறு உப்பும். சில வாரங்களில் படிப்படியாகக் கூட்டுங்கள்.

நம் முன்னோர் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையையும் நெல்லிக்காயையும் சுண்டைக்காயையும் சேர்த்தார்கள். ஒரு நாள் வெறுமையாக இருந்த வயிற்றுக்கு நார்ச்சத்துள்ள உணவை அளிக்கும் ஏற்பாடாகவும் அது அமைந்திருக்கிறது. முதியோர் ஏகாதசியன்று நீரும் இன்றி இருக்க வேண்டுவதில்லை. பாலும் பழமும் கொண்டு விரதம் இருப்பதைப் பெரியோர்கள் ஏற்றிருக்கிறார்கள். நீரிழிவுக்கு மருந்து உட்கொள்வோர் உபவாசத்திற்கு முன் மருத்துவரைக் கேட்டுக்கொள்ள வேண்டும்.

நேரமும் இருக்கையும்

உணவு இரைப்பையில் இறங்கியதும் பெருங்குடல் அசையத் தொடங்கும். இரவு முழுதும் ஓய்ந்திருந்த குடலில் காலை வேளையில் இந்த அசைவு மிகுதி. ஆகவே காலையில் வெந்நீரோ காப்பியோ சிற்றுண்டியோ உட்கொண்ட பின் அரைமணி நேரத்திற்குள், நாள்தோறும் ஒரே வேளையில், 10 நிமிடம் அமைதியாக அமருங்கள். பூஜைக்கு நேரம் வகுத்தாற்போல் இதற்கும் ஒரு நேரம் வேண்டும். உந்துதல் வரும்போது அடக்காதீர்கள். அடக்க அடக்க மலம் மேலும் உலர்ந்து கெட்டியாகும்.

முழங்கால் வலியால் நம்மில் பெரும்பாலோர் இப்போது மேல்நாட்டுக் கழிப்பறையையே பயன்படுத்துகிறோம். அதில் அமரும்போது, பாதங்களின் கீழ் முக்கால் அடி உயரமுள்ள, வழுக்காத பலகை ஒன்றை வைத்துக்கொண்டு சற்றே முன்குனிந்து அமர்ந்தால், குந்தி அமர்ந்தது போலவே மலம் இறங்கும் பாதை நேராகும். எழும்போது பலகை தடுக்காமல் பார்த்துக்கொள்ள வேண்டும். மூச்சை அடக்கி முக்குதல் கூடாது. அதனால் மூலமும் குடலிறக்கமும் மோசமாகும். சிலருக்கு மயக்கமும் வரும்.

மாலையில் கோயில் பிராகாரத்தைச் சில சுற்றுகள் வலம் வருவது புண்ணியத்தோடு குடலுக்கும் நன்மை தரும்.

மருந்துகளைப் பற்றி

உணவும் நீரும் போதாதபோது இசப்கோல் உதவும். ஒரு தேக்கரண்டியை ஒரு முழு டம்ளர் நீரில் கலந்து உடனே குடித்துவிட்டு, மேலும் ஒரு டம்ளர் நீர் அருந்த வேண்டும். நீர் போதாவிட்டால் அது தொண்டையிலோ குடலிலோ உப்பி அடைத்துக்கொள்ளும். விழுங்குவதில் சிரமம் உள்ளவர்களுக்கு அது ஆகாது. மற்ற மாத்திரைகளுக்கும் இதற்கும் 2 மணி நேர இடைவெளி விடுங்கள்.

கடுக்காய், தான்றிக்காய், நெல்லிக்காய் மூன்றும் சேர்ந்த திரிபலா மென்மையாக மலமிளக்கும். நிலாவரை அதைவிட வீரியமானது. திருநெல்வேலிச் சீமையில் விளைவதால் உலகச் சந்தையில் அந்த ஊரின் பெயராலேயே 'டின்னவெல்லி சென்னா' என்று அது வழங்கப்படுகிறது. கடையில் விற்கும் மலமிளக்கிச் சூரணங்கள் பலவற்றில் இதுவே கலந்திருக்கிறது. இரவில் உண்டால் காலையில் வேலை செய்யும். எப்போதாவது பயன்படுத்தலாம். மருத்துவரைக் கேளாமல் மாதக்கணக்கில் அன்றாடம் உட்கொள்ளக் கூடாது.

உணவுக்குப் பின் வாயு சேர்ந்து லேசாக வலித்தால் ஓமநீர், சீரகநீர், சுக்குக் கஷாயம் இவற்றில் ஒன்றை அருந்தலாம். வெந்நீர்ப் பையால் இதமாக ஒத்தடம் கொடுக்கலாம். சற்றுநேரத்தில் வலி தணிந்துவிட்டால் கவலையில்லை.

கைவைத்தியத்தை எப்போது நிறுத்த வேண்டும்?

அன்று எனக்குத் தெரியாமற்போனது இதுதான். பின்வருவனவற்றில் ஒன்று இருந்தாலும் விளக்கெண்ணெய், சூரணம் எதையும் கொடுக்காமல் மருத்துவமனைக்குச் செல்லுங்கள்.

கடும் வயிற்றுவலியோடு வாந்தி, வயிறு உப்புதல், மலமும் வாயுவும் பிரியாமை.

வலியோடு காய்ச்சல், அல்லது தொட்டால் தாங்க முடியாத வலி.

தொடை இடுக்கிலோ தொப்புள் அருகிலோ உள்ள வீக்கம் திடீரென வலித்து, உள்ளே போகாதிருத்தல்.

மேல்வயிற்றில் வலியோடு வியர்வை, மூச்சுத்திணறல், மயக்கம். இது வாயுவாக இராமல் மாரடைப்பாக இருக்கக்கூடும். நீரிழிவு உள்ளவர்களுக்கு மாரடைப்பு இவ்வாறு மறைந்து வருவதுண்டு. 108 எண்ணை அழைக்கத் தயங்காதீர்கள்.

மலத்தில் இரத்தம், தார் போன்ற கருமை, காரணமில்லாமல் உடல் இளைத்தல், பல ஆண்டுப் பழக்கம் சில வாரங்களில் மாறிப்போதல் ஆகியவை இருந்தால் தாமதிக்காமல் மருத்துவரைக் காணவேண்டும். "மூலம்தான்" என்று நாமே முடிவு செய்துகொள்ளக் கூடாது. இரும்புச்சத்து மாத்திரையாலும் மலம் கறுக்கும். எது காரணம் என்பதை மருத்துவரே பார்த்துச் சொல்லட்டும். பல நாள் மலச்சிக்கலுக்குப் பின் நீராகக் கசிந்தால் அதை வயிற்றுப்போக்கு என்று எண்ணி மாத்திரை போட வேண்டாம். கெட்டிப்பட்ட மலம் உள்ளே அடைத்து நிற்க, அதன் பக்கவாட்டில் நீர் கசிவதும் உண்டு.

வங்கியில் பணியாற்றிய காலத்தில், அன்றைய கணக்கில் ஒரு ரூபாய் இடித்தாலும் மறைக்காமல் மேலாளரிடம் சொல்லிவிடுவோம். மறைத்தால் பின்னர்ப் பெரிதாகும் என்பது எங்களுக்குத் தெரியும். உடலின் கணக்கை மட்டும் மகனிடமும் மருமகளிடமும் சொல்லக் கூசி மறைக்கிறோம். இன்றே வீட்டில் ஒருவரிடமேனும் மனம்விட்டுச் சொல்லுங்கள்.

சென்ற வைகுண்ட ஏகாதசிக்கும் தமையனார் வந்திருந்தார். தோளில் துணிப்பை, அதில் ஒரு தண்ணீர்ப் புட்டி. வரிசையில் அவ்வப்போது இரண்டு மிடறு பருகிக்கொண்டே நின்று சேவித்தார். அன்பர்கள் அனைவருக்கும் எம்பெருமான் உடல்நலமும் உள்ளத் தெளிவும் அருள்வானாக.