வரம்பே வளம்

கடலும் காடும் மாந்தர் அனைவர்க்கும் உரிய பொதுச் செல்வங்கள். அவற்றைக் கண்டு களித்தல் குற்றமன்று. அவை அழியுமாறு களித்தலே குற்றம். இவ்வுண்மையை மறந்து கெட்டு, பின்னர் உணர்ந்து திருந்திய ஓர் இடம் உண்டு. அது பிலிப்பைன்ஸ் நாட்டிலுள்ள போராக்கைத் தீவு.

பனாய் என்னும் பெருந்தீவின் வடமேற்கு முனையை அடுத்து, ஏறத்தாழப் பத்துச் சதுரக் கிலோமீட்டர் பரப்பில் அமைந்துள்ளது அச்சிறு தீவு. அதன் மேற்குக் கரையில் நான்கு கிலோமீட்டர் நீளத்திற்கு மாவெனப் பொடிந்த வெண்மணல் பரந்து கிடக்கின்றது. சங்கும் சிப்பியும் பவளமும் பன்னெடுங்காலமாக அலைகளால் அரைக்கப்பட்டு மணலாயின. கரையோரம் தென்னைகள் நிழல் செய்கின்றன. கண்டல் மரங்கள் தம் வேர்களால் மண்ணை இறுகப் பற்றி நிற்கின்றன. வடபால் உள்ள காட்டில் பழந்தின்னி வௌவால்கள் பகலெல்லாம் மரக்கிளைகளில் தொங்கி உறங்குகின்றன. இரவில் பறந்து சென்று கனிகளை உண்டு, விதைகளைப் பரப்பிக் காட்டை வளர்க்கின்றன. இங்ஙனம் ஒன்றுக்கொன்று துணையாய் வாழும் உயிர்களின் கூட்டுறவே அத்தீவின் அழகுக்கு அடிப்படையாகும்.

மீன்பிடித்தலும் தென்னை வளர்த்தலுமே அங்கு வாழ்ந்தோரின் பழைய தொழில்கள். 1970-களில் வெளிநாட்டுப் பயணிகள் வரத் தொடங்கினர். சிறு குடில்கள் இருந்த இடங்களில் பெரிய விடுதிகள் எழுந்தன. 2017-ஆம் ஆண்டில் ஏறத்தாழ இருபது இலட்சம் பேர் வந்து சென்றனர். பொருள் குவிந்தது, அதனுடன் கேடும் குவிந்தது. முறையின்றிப் புதைக்கப்பட்ட குழாய்களின் வழியே கழிவுநீர் கடலில் கலந்தது. மழைநீரை உறிஞ்சித் தேக்கி வைத்த ஒன்பது சதுப்பு நிலங்களுள் நான்கே எஞ்சின. மற்றவை கட்டடங்களுக்கு இரையாயின. ஆதலின் மழைக்காலத்தில் தெருக்கள் நீரில் மூழ்கின. 1988-க்கும் 2011-க்கும் இடையில் பவளப் பரப்பில் ஏறத்தாழ 70 விழுக்காடு அழிந்தது. பொன்முட்டையிடும் வாத்தின் வயிற்றைக் கீறிய பேராசைக்காரன் செயலை ஒத்தது அன்றோ இது?

இறுதியில் அரசு விழித்தெழுந்தது. 2018 ஏப்ரல் 26-ஆம் நாள் தீவு பயணிகளுக்கு மூடப்பட்டது. ஆறு திங்கள் சாலைகள் அகலப்படுத்தப்பட்டன; கழிவுநீர்க் குழாய்கள் சீர் செய்யப்பட்டன; கரையை நெருங்கி நின்ற கட்டடப் பகுதிகள் இடிக்கப்பட்டன. அவ்வாண்டு அக்டோபர் 26-ஆம் நாள் தீவு மீண்டும் திறக்கப்பட்டது. கடல் தெளிவுற்றது, கரை தூய்மையுற்றது.

எனினும், அந்த ஆறு திங்களும் எளியோர்க்கு எத்தகையனவாக இருந்தன என்பதையும் எண்ணுதல் வேண்டும். விடுதிப் பணியாளரும் படகோட்டிகளும் சிறு வணிகரும் அன்றாட வருவாயை இழந்தனர். துப்புரவுப் பணியில் கூலி வேலையும் உதவித் தொகையும் அரசினால் சிலர்க்குக் கிடைத்தன. ஆனால் இழந்த அனைத்தையும் அவை ஈடு செய்துவிட இயலுமோ? மணலில் கோட்டைகள் அமைத்துப் பிழைத்த ஒருவரும், வண்டியோட்டி ஒருவரும் தம் பிழைப்பு பறிபோவதாகக் கூறி, மற்றொருவருடன் சேர்ந்து உச்ச நீதிமன்றத்தில் வழக்குத் தொடுத்தனர். தீவை மூடியது செல்லும் என்று 2019 பிப்ரவரியில் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. நீதிபதிகள் அனைவரும் அதில் ஒருமித்தாரல்லர்.

தீவை மூடியது தக்க செயலே என்பதில் ஐயமில்லை. கடல் அழிந்தபின் படகோட்டிக்கு வாழ்வேது? ஆயினும் சதுப்பு நிலத்தைத் தூர்த்தவர் மணற்கோட்டை அமைத்தவர் அல்லர். சாக்கடையைக் கடலில் விட்டவரும் அவரல்லர். பெரும்பொருள் ஈட்டியவர் செய்த பிழைக்கும், காலத்தே தடுக்காத ஆட்சியின் அயர்வுக்கும் உரிய தண்டனையை எளியவர் சுமப்பது அறமாகாது. இயற்கையை மீட்கும் செலவு, அதனைக் கெடுத்துப் பயன் பெற்றவரிடமிருந்தே முதற்கண் பெறத்தக்கது.

தீவு திறக்கப்பட்டபோது ஒரு வரம்பும் வகுக்கப்பட்டது. ஒரே காலத்தில் 19,215 பயணிகளுக்கு மேல் அங்குத் தங்கலாகாது. நாளொன்றுக்கு 6,405 பேர் மட்டுமே புதிதாக வரலாம். கடற்கரையில் மது அருந்துதலும் புகைத்தலும் விலக்கப்பட்டன. ஐம்பதும் அதற்கு மேலும் அறைகளுடைய விடுதிகள் தத்தம் கழிவுநீரைத் தாமே தூய்மை செய்தல் வேண்டும் என்றும் விதிக்கப்பட்டது. இத்தகைய விதிகளே அத்தீவின் உண்மையான வேலி.

வேலி இட்டால் மட்டும் போதாது. அதனை நாள்தோறும் காத்தல் வேண்டும். 2022 ஏப்ரலில், கிறித்தவர்களின் புனித வார விடுமுறையின்போது, கூட்டம் அவ்வரம்பைக் கடந்தது. பொருள் வரும் வாயிலை ஒரு நாள் அடைப்பதற்கும் மனம் வாராமையே இதற்குக் காரணம். ஆறு திங்களில் ஒரு கரையைத் துடைத்துத் தூய்மை செய்துவிடலாம். அழிந்த பவளமோ ஆண்டுக்குச் சிறிதளவே வளரும். அது மனிதனின் அவசரத்திற்கு ஏற்ப விரைவதில்லை.

அளவுக்கு மிஞ்சினால் அமிர்தமும் நஞ்சு என்பர் பெரியோர். விருந்தினர் பலர் வருதல் வீட்டிற்குப் பெருமைதான். ஆனால் வீடு தாங்குமளவே அழைத்தல் அறிவுடைமை. வரம்பு இல்லாத வயலில் நீர் நில்லாது. வரம்பு இல்லாத வாணிகத்தில் வளம் நில்லாது. அழகிய இடமொன்றிற்குச் செல்வோர் தம் அடிச்சுவடன்றி வேறெதனையும் அங்கு விட்டு வராதிருத்தல் வேண்டும். அவ்விடத்தை ஆள்வோரும், இன்று வரும் பொருளினும் நாளை வாழும் மக்களையே பெரிதாக மதித்தல் வேண்டும்.