பிள்ளை என்ன, பந்தயப் பொருளா?

ஞாயிறுதோறும் பிள்ளையைத் தந்தையுடன் அனுப்ப வேண்டும் என்பது நீதிமன்றத்தின் ஆணை. வந்து நிற்கிறான் தந்தை, வீடு பூட்டிக்கிடக்கிறது. வேறோர் ஊரிலே, விடுமுறைக்கு அழைத்துச் சென்ற மகளை, பள்ளி திறந்த பின்னும் தாயிடம் திருப்பி அனுப்ப மறுக்கிறான் ஒரு தந்தை. நெஞ்சு கொதிக்கிறது, கால்கள் எங்கே செல்கின்றன? வழக்கறிஞரிடமா? இல்லை, நம் வட்டச் செயலாளர் வீட்டுக்கு! "நாலு பேரை அனுப்புங்கள், பிள்ளையைத் தூக்கி வந்துவிடுவோம்!"

தோழர்களே! அந்த நாலு பேரில் ஒருவராகப் போகாதீர்கள்.

ஆணையை மீறியது தவறு, மறுப்பாரில்லை. ஆனால், மீறலுக்கு மீறலே மருந்து என்று புறப்பட்டால், வழக்கு மன்றத்திலே இருவரும் ஒரே தட்டில் நிற்பர். இழுபறியில் நசுங்குவது யார்? பேசத் தெரியாத பிஞ்சு அன்றோ!

பின் என்ன செய்வது? மீறிய நாளையும் நேரத்தையும் குறித்து வைக்கச் சொல்லுங்கள். வந்த கடிதத்தையும் சேதியையும் அழிக்க வேண்டா. ஆணை தந்த மன்றத்திலேயே அதனை நிறைவேற்றித் தரும்படி மனுச் செய்யலாம். 1984ஆம் ஆண்டின் குடும்பநல நீதிமன்றச் சட்டம் அதற்கு வழி வகுத்துள்ளது. வேண்டுமென்றே மீறினாரா? 1971ஆம் ஆண்டின் நீதிமன்ற அவமதிப்புச் சட்டம் ஆறு மாதம் வரை சிறை என்கிறது. ஓராண்டுக்குள் நடவடிக்கை தொடங்க வேண்டும். பிள்ளையையே மறைத்துவிட்டாரா? உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு உண்டு. பிள்ளைக்கு அடி உதை என்ற அச்சம் மெய்யாயின், அதனையும் மன்றத்திலே சொல்லி ஆணையை மாற்றக் கேட்பதே முறை.

"பிள்ளையைக் காட்டவில்லை, பணம் கிடையாது" என்பதும், "பணம் வரவில்லை, பிள்ளை கிடையாது" என்பதும் ஒரே கொடுமையின் இரு முகங்கள். ஜீவனாம்சம் பிள்ளையின் சோறு. பழிவாங்கும் படைக்கலம் அன்று.

சட்டத்திலும் குறை உண்டு. பிள்ளையைக் கொண்டுவந்து நிறுத்து என்ற கட்டளைக்குப் பணியாதவருக்கு, 1890ஆம் ஆண்டின் காப்பாளர் சட்டம் விதிக்கும் அபராதம் நூறு ரூபாய்! பின்னர் நாளொன்றுக்குப் பத்து; மொத்தம் ஐந்நூறுக்கு மேல் போகாது. சிவில் சிறை உண்டெனினும், வெள்ளையன் காலத்துத் தொகை இன்று யாரை அச்சுறுத்தும்? தவறிய நாளுக்கு மாற்று நாள், வாரக்கணக்கில் விசாரணை முடிவு: இவற்றைக் கேட்டுக் குரல் எழுப்புவோம்.

அதுவரை, கதவைத் தட்டி உடைக்கும் கையாக இராதீர். மனு எழுதித் தரும் கையாக இருங்கள். பிள்ளை வளர்ந்து ஒருநாள் கேட்கும், அன்று வாசலில் நின்றவர் யார் என்று!