ஊசிப் புண்ணும் அவசரத் தீர்ப்பும்

தசைக்குள் ஊசி போட்ட இடத்தில் சதை கறுத்து மடிந்தால், ஊசி சுத்தமாக இருந்திராது அல்லது போட்டவர் கவனமின்றிப் போட்டிருப்பார் என்னும் தீர்ப்பு விசாரணைக்கு முன்பே வழங்கப்பட்டுவிடுகிறது. ஆக்லாந்தின் பென்ரோஸ் தொழிற்பேட்டைக்குத் தெற்கே, ரூமாட்டிக் காய்ச்சல் கண்ட மாவோரி, பசிபிக் தீவுப் பிள்ளைகள் பலர் 28 நாளுக்கொருமுறை பென்சாதீன் பென்சிலின் ஊசி போட்டுக்கொள்ளும் பகுதிகளில், இத்தீர்ப்பு பரவினால் விளையும் கேடு சிறிதன்று.

தொற்றே காரணம் என்பது முதற்கூற்று. சீழ்க்கட்டி உருவாக நாள்கள் பிடிக்கும். நிக்கோலாவு நோய்க்குறி எனப்படும் அரிய கேட்டிலோ, ஊசி இறங்கியவுடன் கடும் வலி எழுந்து, தோல் வெளிறி, சில மணி நேரத்தில் கருநீல வலைப்பின்னல் படர்ந்து, பின்னர் சதை மடிகிறது. மருந்து ஒரு சிறு தமனிக்குள்ளோ அதன் சுவரையொட்டியோ சென்று, அக்குழாய் சுருங்கியோ அடைபட்டோ போவதால், அது ஊட்டிவந்த தோலும் கொழுப்பும் சில வேளை தசையும் குருதியின்றி அழிகின்றன என்பதே பெரும்பாலோர் ஏற்கும் விளக்கம். பென்சிலின் வருமுன்பே, மேகநோய்க்குப் பிஸ்மத் உப்பு செலுத்தப்பட்டவர்களிடம் 1924இல் ஃப்ராய்டென்டாலும் 1925இல் நிக்கோலாவும் இதை விவரித்தனர்.

ஊசித்தண்டைப் பின்னிழுத்து, குருதி வருகிறதா எனப் பார்த்தால் போதும் என்பது அடுத்த கூற்று. தமனிக்கு வெளியே நின்ற மருந்தும் அதைச் சுருங்கச் செய்யலாமாதலால், குருதி வராதது பாதுகாப்புக்கு உறுதியாகாது. சரியான இடமும் நீளமும் ஆபத்தைக் குறைக்கின்றன, முற்றிலும் நீக்குவதில்லை. பாதிக்கப்பட்டவர் உதவி பெறுவதற்கு மருத்துவரின் பிழையை மெய்ப்பிக்க வேண்டும் என்ற நிபந்தனையை நியூசிலாந்தின் விபத்து இழப்பீட்டுச் சட்டம் 2005இலேயே கைவிட்டது. உறவினர் நாவுகள் இன்னும் கைவிடவில்லை.

ஆகவே ஊசியே வேண்டாம் என்பது கடைசிக் கூற்று. இது பாதி உண்மை. ரூமாட்டிக் காய்ச்சல் திரும்பத் திரும்ப வந்தால் இதய வால்வுகள் சிதையும். அதைத் தடுப்பதில் மாத்திரையைவிட இவ்வூசியே வலியது. மாத்திரையே போதுமான உடல்வலிக்கு டைக்ளோஃபெனாக் ஊசியைக் கேட்டு வாங்கும் தமிழ்நாட்டு வழக்கமோ வேறு. அம்மருந்தாலும் இதே சதையழிவு நேர்ந்துள்ளது, ஆனால் அங்கே அந்த ஆபத்துக்கு ஈடாக நோயாளி பெறுவது ஒன்றுமில்லை.