சுக்குக் காப்பியும் சாக்லேட் உருண்டையும்

அரையாண்டுத் தேர்வு முடிந்து பள்ளிகளுக்கு விடுமுறை விடுகிற மார்கழி நடுவில், அருப்புக்கோட்டை வீடுகளில் சில ஆண்டுகளாக ஒரு புதிய பண்டம் தலைகாட்டுகிறது. கூடாக வார்த்தெடுத்த சாக்லேட் உருண்டை. அதன் வயிற்றுக்குள் கோகோப் பொடியும் சீனியும் இருக்கும். கோப்பையில் இட்டுக் கொதிக்கும் பாலை மேலே ஊற்றினால் உருண்டை வெடித்து, உருகி, பாலோடு கலந்து ஹாட் சாக்லேட் ஆகிவிடும். 2020-ஆம் ஆண்டின் கடைசியில், பெருந்தொற்றுக்கு அஞ்சி வீட்டுக்குள் அடைந்து கிடந்த மேலைநாட்டாரிடையே பரவிய விளையாட்டு இது. சென்னையிலும் பெங்களூரிலும் கணினி வேலை பார்க்கும் பிள்ளைகள் வழியாக இங்கும் வந்து சேர்ந்திருக்கிறது. கிறிஸ்துமஸுக்கென்று தொடங்கியது, புத்தாண்டுக்கும் பொங்கலுக்கும் நீண்டுவிட்டது. வீட்டிலேயே செய்து, அட்டைப் பெட்டியில் அடுக்கி, தெரிந்தவர்களுக்கு விற்கும் பெண்களும் உண்டு.

இதைக் கண்டு நம் இலக்கிய நண்பர்கள் சிலர் கொதிக்கிறார்கள். பனி பொழியும் நாட்டின் பானம் வானம் பார்த்த பூமிக்கு எதற்கு என்பது அவர்கள் கேள்வி. கேள்வியில் நியாயம் இல்லாமல் இல்லை. மார்கழி விடியலில்கூட நம் பக்கத்தில் வெப்பம் இருபது டிகிரிக்குக் கீழே இறங்குவது அபூர்வம். குளிர் என்று நாம் சொல்வதெல்லாம் ஒரு துண்டைத் தலையில் சுற்றிக்கொண்டால் தீர்ந்துபோகிற சமாச்சாரம். ஆயினும் அயல் பண்டம் என்ற ஒரே காரணத்தால் ஒன்றைத் தள்ளுவது எனக்கு உடன்பாடில்லை. அப்படித் தள்ளத் தொடங்கினால் முதலில் போக வேண்டியது நம் குழம்பு.

மிளகாய் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்தது. கடலையும் அப்படியே. இன்று இராமநாதபுரம் முண்டு வற்றல் 2023-இல் புவிசார் குறியீடு பெற்று நம் மண்ணின் அடையாளமாகிவிட்டது. அதே மிளகாயைக் கோகோவோடு சேர்த்து அரைத்துக் கசப்பும் காரமுமாகக் குடித்தவர்கள் மெக்சிகோவின் பழங்குடி மக்கள். சீனியைச் சேர்த்தது பின்னால் வந்த ஸ்பானியர். கோகோவைப் பிழிந்து கொழுப்பை நீக்கிப் பொடியாக்கும் வழியை ஹாலந்தின் வான் ஹூட்டன் 1828-இல் காப்புரிமையாக்கினார். கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை பிரிஸ்டல் நகரத்து ஃப்ரை நிறுவனத்தார் 1847-இல் வார்த்தார்கள். ஆக, சாக்லேட் தன் வரலாற்றின் பெரும்பகுதியில் பானமாகவே இருந்தது. கட்டியானது நேற்றைய கதை. நமக்கும் அது அவ்வளவு தூரமில்லை. கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்தில், 1798-இல், இந்தியாவில் கோகோ முதன்முதலாக நடப்பட்டதே குற்றாலத்தில்தான். இன்று பொள்ளாச்சி, ஆனைமலைத் தென்னந்தோப்புகளில் அது ஊடுபயிர்.

நம்முடையது என்று மார்தட்டுகிற சுக்குக் காப்பியைத்தான் எடுத்துக்கொள்ளுங்களேன். அதில் காப்பி ஏது? சுக்கும் மல்லியும் தட்டிப் போட்டு, கருப்பட்டி கரைத்துக் குடித்த கஷாயம்தான் அது. காப்பி என்ற சொல் வந்து மதிப்போடு உட்கார்ந்ததும், கஷாயமும் அந்தப் பெயரைப் பூசிக்கொண்டது. காப்பி எப்படித் தமிழ் வீட்டின் கௌரவமாயிற்று என்பதை ஆ.இரா. வேங்கடாசலபதி 'அந்தக் காலத்தில் காப்பி இல்லை' நூலில் விரிவாக எழுதியிருக்கிறார். எனவே ஹாட் சாக்லேட் நுழைந்துவிட்டதே என்று அலறுவதில் பொருளில்லை. என் கவலை வேறு.

இந்தச் சாக்லேட் உருண்டையின் தர்க்கம் நம் வட்டாரத்துக்குப் புதிதன்று. சில்லுக் கருப்பட்டியை அறிந்தவர்களுக்கு இது புரியும். கருப்பட்டிப் பாகில் சுக்கு, மிளகு, ஏலம் முதலியவற்றைப் பொடித்துச் சேர்த்துச் சின்னச் சின்ன வில்லைகளாக ஊற்றி எடுப்பது. அப்படியே வாயில் அடக்கிக்கொள்ளலாம். வெந்நீரில் இரண்டைப் போட்டால் மறு நிமிடம் பானம் தயார். பானத்தைக் கட்டியாக்கிப் பையில் வைத்துக்கொண்டு, வேண்டும்போது மீண்டும் பானமாக்கும் சூட்சுமம் இரண்டிலும் ஒன்றே. திருச்சுழி, நரிக்குடிப் பக்கத்திலிருந்து கமுதி, சாயல்குடி வரை பனை நின்ற ஊர்களில் இது பெரிய அதிசயமாக இருந்ததில்லை.

ஆனால் அந்த வில்லைக்குப் பின்னால் இருக்கும் வேலையை நம் எழுத்து எந்த அளவுக்குப் பார்த்திருக்கிறது? பாளை சீவ ஒரு மரத்தில் காலையும் மாலையும் ஏறி இறங்க வேண்டும். கலயத்தின் உட்புறம் சுண்ணாம்பு தடவ வேண்டும். தவறினால் பதனீர் புளித்துக் கள்ளாகிவிடும். தமிழ்நாட்டில் 1987 முதல் கள் இறக்கத் தடை இருப்பதால், புளித்துப்போன ஒரு கலயம் நட்டம் மட்டுமன்று, வழக்கும்கூட. இறக்கிய பதனீரை அன்றைக்கே காய்ச்சியாக வேண்டும். அந்த வேலை பெரும்பாலும் வீட்டுப் பெண்களுடையது. சித்திரை, வைகாசி வெயிலில், ஓலைக் கொட்டகைக்குள், சீமைக்கருவேல விறகின் புகையில், கொப்பரை முன்னால் மணிக்கணக்கில் நின்று கிளற வேண்டும். பொங்கி வழியாமல் இருக்க ஆமணக்கு விதையைத் தட்டிப் போடுவார்கள். பாகு கூப்பனியாகி, தண்ணீரில் ஒரு சொட்டு விட்டால் உருளும் பதம் வந்ததும் சிரட்டைகளில் ஊற்றுவார்கள். எட்டு, பத்து லிட்டர் பதனீர் வற்றினால்தான் ஒரு கிலோ கருப்பட்டி. 'வீட்டுப் பக்குவம்' என்று நாம் கனிந்து சொல்லும் சொல்லுக்குள் இத்தனை புகை இருக்கிறது.

நம் நண்பர்கள் எழுதுவது இந்தப் புகையை அன்று. கருப்பட்டியின் மணத்தை எழுதுகிறார்கள், பாட்டியின் கையை எழுதுகிறார்கள். கி.ரா.வைப் படித்தவர்கள் எல்லோருக்கும் ஓர் உணவு நினைவு வாய்த்துவிடுகிறது. அதில் எனக்குப் புகாரில்லை. கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதியைத் தொகுத்த அந்த மனிதர் பண்டத்தின் பெயரோடு அதைச் செய்கிறவரின் பெயரையும் தொழிலின் சொல்லையும் சேர்த்தே பார்த்தார். அவருக்குப் பின் வந்தவர்கள் பலர் சுவையை மட்டும் எடுத்துக்கொண்டு உழைப்பைக் கீழே போட்டுவிட்டார்கள் என்பது என் கருத்து. சங்கப் பாடல்களில் பெண்ணை என்று இந்த மரம் வருகிறது. காதலில் தோற்றவன் அதன் மடலால் குதிரை செய்து ஊர்கிறான். நம் இலக்கியமும் இலக்கணமும் பல நூற்றாண்டுகள் உயிரோடு இருந்தது அதன் ஓலையில். வகுப்பில் இதைச் சொல்லும்போது மாணவர்கள் பெருமையோடு கேட்கிறார்கள். ஓலையை வெட்டிப் போட்டவன் யார் என்று ஒருவரும் கேட்பதில்லை, நூல்களும் சொல்வதில்லை.

சென்ற கோடையில் நரிக்குடிப் பக்கம் ஒரு பனங்காட்டில், ஐம்பது வயதைக் கடந்த ஒரு பனையேறியிடம் பேசிக்கொண்டிருந்தேன். அவர் இறங்கிய பிறகு அந்த ஊரில் ஏற ஆளில்லை என்றார்கள். "உங்க மகனுக்குப் பழக்கலையா அண்ணாச்சி?" என்று கேட்டேன். அவர் கோபப்படவில்லை. "எம் பயல திருப்பூருக்கு அனுப்பிட்டேன் சார். நீங்க உங்க பயல மரத்துக்கு விடுவீகளா?" என்றார்.

இந்தக் கேள்விக்கு நம் பழம்பெருமைக் கட்டுரைகளில் விடையில்லை. பனையேறிகள் குறைந்துபோனார்கள் என்று வருந்துகிறவர் எவரும் தம் பிள்ளையை அந்த மரத்தில் ஏற்ற நினைப்பவரல்லர். இன்னொருவர் மகன் ஏற வேண்டும், இன்னொருவர் மனைவி புகையில் நிற்க வேண்டும், நாம் மார்கழியில் சுக்குக் காப்பி குடித்துவிட்டு மண்வாசனை பற்றி எழுத வேண்டும். சாக்லேட் உருண்டை செய்து விற்கும் பெண்ணைப் பரிகசிப்பதைவிட இதுதான் எனக்கு அதிகம் கூச்சம் தருகிறது. அந்தப் பெண்ணாவது தன் கையால் செய்து, தன் விலையைத் தானே சொல்கிறார்.

விலை என்றதும் சொல்ல வேண்டிய ஒன்று. சீனிப்பாகு கலந்த கருப்பட்டி சந்தையில் நிறைந்துவிட்டது என்பதை எல்லோரும் அறிவார்கள். உடைத்த இடத்தில் சீனி மணி போல் மின்னினால் சந்தேகப்படு என்று விவரமான கடைக்காரர்களே சொல்லித் தருகிறார்கள். ஏன் கலக்கிறார்கள்? பனையில் ஏறி இறங்கி வற்றக் காய்ச்சிய சரக்கை, ஆலைச் சீனிக்குக் கொஞ்சம் மேலே உள்ள விலையில் நாம் கேட்பதால். பருவத்துக்கு முன்பே வியாபாரியிடம் முன்பணம் வாங்கிவிட்டவர், விலையை நிர்ணயிக்கும் இடத்தில் இல்லை. துணிக்கடையில் வாய் திறக்காமல் பணம் கொடுப்பவர்கள், கருப்பட்டிக்காரரிடம் கிலோவுக்கு ஐம்பது ரூபாய் குறைக்க அரை மணி நேரம் நிற்பதை அருப்புக்கோட்டைச் சந்தையில் பார்க்கலாம். கலப்படத்தில் பாதியை வாங்குகிறவர்தான் செய்கிறார்.

அரசு ஒன்றும் செய்யவில்லை என்று சொல்ல முடியாது. தமிழ்நாட்டின் முதல் வேளாண் நிதிநிலை அறிக்கை 2021 ஆகஸ்டில் வந்தபோது, பனையை வெட்ட மாவட்ட ஆட்சியரின் அனுமதி வேண்டும் என்று அறிவித்தார்கள். பனை விதைகள் நடுவதற்கும் நிதி ஒதுக்கினார்கள். உடன்குடிப் பனங்கருப்பட்டிக்கு 2023-இல் புவிசார் குறியீடு கிடைத்தது. இவை நல்லவை. செங்கல் சூளைக்கு மரம் போவது கொஞ்சம் குறைந்தாலும் லாபமே. ஆனால் நிற்கிற மரமெல்லாம் கருப்பட்டி தருவதில்லை; ஏறுகிறவர் வேண்டும். அவர் ஏறுவதற்கு, திருப்பூர் பனியன் கம்பெனி தருகிற கூலிக்குக் குறையாத வருமானமும், விழுந்தால் குடும்பத்துக்கு ஒரு பாதுகாப்பும், காவலரிடம் கலயத்தைக் காட்டி விளக்கம் சொல்ல வேண்டாத மரியாதையும் வேண்டும். இவற்றில் முதலாவது நம் கையிலும் இருக்கிறது.

ஆகவே சாக்லேட் செய்கிற வீட்டாரிடம் நான் கேட்டுக்கொள்வது, அதை விடுங்கள் என்றன்று. சீனிக்குப் பதில் கருப்பட்டி போடுங்கள் என்பதுதான். கோகோவின் கசப்புக்கும் கருப்பட்டியின் காட்டமான மணத்துக்கும் நல்ல பொருத்தம். என் வீட்டில் செய்கிற முறை எளியது. ஒரு கோப்பைக்கு எலுமிச்சை அளவு கருப்பட்டியைத் தட்டிக் கால் கோப்பை தண்ணீரில் கரைத்து, கட்டாயம் வடிகட்ட வேண்டும். மண்ணும் சுண்ணாம்பும் இருக்கும். அந்தப் பாகில் இரண்டு தேக்கரண்டி கோகோப் பொடியைக் கட்டியில்லாமல் குழைத்து, ஒரு சிட்டிகை சுக்குப் பொடி சேர்த்து ஒரு கொதி விடலாம். பாலைத் தனியே காய்ச்சி, இறக்கி, சூடு சற்றுத் தணிந்ததும் கலக்க வேண்டும். அடுப்பில் வைத்தே கருப்பட்டியைப் பாலில் கொட்டினால் திரிந்துவிடும். துணிச்சல் உள்ளவர்கள் முண்டு வற்றலில் ஒரு கிள்ளு தட்டிப் போட்டுப் பார்க்கலாம், மெக்சிகோக்காரர் பழக்கத்தை ஒட்டி. என் மகளுக்குப் பிடித்தது, என் தாயாருக்குப் பிடிக்கவில்லை. "இதுக்குச் சும்மா சுக்குத் தண்ணியே போதும்" என்று தள்ளிவிட்டார்.

திருச்சுழியில் மார்கழித் திருவாதிரைக்குத் தனி இடமுண்டு. ரமணர் 1879 டிசம்பர் 30 அன்று அவ்வூரில் பிறந்தது அந்தத் திருநாளை ஒட்டித்தான். களி கிண்டுவதற்கும் காப்பிக்கும் அப்போது இனிப்பைத் தேடிக் கடைக்குப் போகிறோம். ஆனால் பதனீர்ப் பருவம் மாசி, பங்குனியில் தொடங்கி ஆடியோடு முடிந்துவிடுகிறது. மார்கழியில் கிடைப்பது பல கை மாறிய இருப்புச் சரக்கு. பழைய வீடுகளில் வைகாசியிலேயே வாங்கி, பானையில் இட்டு, அடுப்படிப் பரணில் புகை படும்படி வைப்பார்கள், ஈரம் ஏறாது. நல்லதாக வேண்டுமென்கிறவர்கள் வருகிற வைகாசியில் காய்ச்சுகிற இடத்துக்கே போய், கொட்டகையில் நிற்கிற அம்மாவிடம் விலை கேட்டு, சொன்ன விலைக்கு வாங்கி வைக்கலாம். நரிக்குடிக்கு அருப்புக்கோட்டையிலிருந்து பேருந்து உண்டு.